தாழ்வழுத்தமும் உயரழுத்தமும்

மின்சாரத்தின் வரலாற்றைப் புரட்டினால், தொடக்கத்திலேயே ஒரு பெரும் வழக்கைக் காணலாம். 1882ஆம் ஆண்டில் எடிசன் நியூயார்க் நகரத்துப் பேர்ல் தெருவில் மின்நிலையம் ஒன்றைத் திறந்தார். அவர் வழங்கியது 110 வோல்ட் நேர்மின்சாரம். வீட்டு விளக்குக்கு அது ஏற்றதுதான். ஆனால் ஒரு மைல் தொலைவு செல்வதற்குள் கம்பியிலேயே சோர்ந்துவிடும். காரணம் எளிது. ஒரே அளவு ஆற்றலைத் தாழ்ந்த அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் மிகும்; மின்னோட்டம் இருமடங்கானால், கம்பியில் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும்.

1891இல் ஜெர்மனியில் லாஃபன் என்னும் ஊரிலிருந்து பிராங்பர்ட் வரை ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தூரம் உயரழுத்த மாறுமின்சாரம் சென்றது. அத்தோடு, தொலைவைப் பொறுத்தவரை வழக்குத் தீர்ந்தது. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கிக் கோவை ஆலைகளை அடைந்ததும் 66,000 வோல்ட் அழுத்தத்தின் துணையால்தான்.

தொலைவைப் பொறுத்தவரை என்றேன். மதிற்சுவருக்குள்ளே அவ்வழக்கு இன்னும் நடந்து வருகிறது.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்பற்றாக்குறையின்போது தொழிற்சாலைகள் டீசல் ஜெனரேட்டர்களை நாடின. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. கும்மிடிப்பூண்டியின் உருக்காலையில் மின்சாரம் நின்றால் உலையில் உலோகம் உறையத் தொடங்கும். அதற்கும் சிறிது நேரம் பிடிக்கும். சர்வர்க் கணினியோ ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாங்குவது அரிது. வங்கிக் கணக்கும் ரயில் முன்பதிவும் மருத்துவமனைப் பதிவேடும் அதனுள்தானே இருக்கின்றன!

ஆகவே முதலில் மின்கலம் தாங்கும். சில நொடிகளில் ஜெனரேட்டர் எழுந்து பொறுப்பை ஏற்கும். அந்த ஜெனரேட்டர் 415 வோல்ட்டில் இயங்குவதா, 11,000 வோல்ட்டில் இயங்குவதா? கணக்கிட்டுப் பாருங்கள். 2,000 கே.வி.ஏ. ஆற்றலை 415 வோல்ட்டில் கொணர ஏறத்தாழ 2,780 ஆம்பியர் வேண்டும். 11,000 வோல்ட்டிலோ 105 ஆம்பியர் போதும். முன்னதற்குக் கைப்பருமனான செம்புப் பட்டைகள் தேவை. பின்னதற்கு மெல்லிய கேபிள் போதும். ஆயினும் உயரழுத்தத்தை மீண்டும் இறக்க மின்மாற்றி வேண்டும். பழகிய கை வேண்டும். சிறு கவனக்குறைவும் உயிரைக் குடிக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையின் மூலையிலுள்ள சிறு சர்வர் அறைக்கு உயரழுத்தம் அமைப்பது, என் கருத்தில், வீண்செலவு. 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்திலிருந்த அம்பத்தூரில் எழுந்துள்ளவை போன்ற பெரிய தரவு மையங்களில், பல ஜெனரேட்டர்களை இணைத்துத் தொலைவிலுள்ள கூடங்களுக்கு அனுப்ப வேண்டுமானால், 11,000 வோல்ட்டே தக்கது. ஜெனரேட்டரைத் தாழ்வான தரையில் வைத்து வெள்ளம் புகவிட்டால் எந்த அழுத்தமும் உதவாது; அது வேறு கதை.

தொலைபேசி நிலையங்கள் நெடுங்காலம் நம்பியிருந்த 48 வோல்ட் நேர்மின்சாரத்தைச் சர்வர் அடுக்குகளுக்குள் கொண்டுவரும் அமைப்பைக் கூகுள் நிறுவனம் 2016இல் பிறரோடு பகிர்ந்துகொள்ள முன்வந்தது. 2025இல் என்விடியா நிறுவனம் அதே அடுக்குகளுக்கு 800 வோல்ட் நேர்மின்சாரத்தை அறிவித்தது. எடிசனின் நேர்மின்சாரம் திரும்பியிருக்கிறது. இம்முறை உயர்ந்த அழுத்தத்தோடு.