மணியும் பவளமும்: எழுத்தில் இருந்த வண்ணம்

காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, வேகவதி ஆற்றைக் கடந்ததும் வருகிற சிற்றூர் திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்பது அதன் இன்னொரு பெயர். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-88இல் எழுப்பியவர் விஜயநகர அரசின் தண்டநாயகரான இருகப்பர். தம் ஆசிரியர் புஷ்பசேனரின் சொற்படி அவர் இதைச் செய்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. மண்டபத்தின் விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகிய தீர்த்தங்கரர்களின் கதைகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. இன்று காணக் கிடைப்பவை பெரும்பாலும் பிற்காலத்தில் தீட்டப்பட்டவை. ஓவியங்களுக்கு அடியில் சிறு சிறு குறிப்புகள் உண்டு. தமிழும் கிரந்தமும் விரவிய அக்குறிப்புகள் காட்சியில் இருப்பவர் யார், நடப்பது என்ன என்று சொல்கின்றன. டி.என். இராமச்சந்திரன் 1934இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்காக இக்கோயில்களைப் பற்றி எழுதிய நூலே இவ்வோவியங்களை முறையாக அறிய இன்றும் முதல் வாசல்.

அக்குறிப்புகளின் பொருளைவிட அவற்றின் எழுத்து குறித்தே இக்கட்டுரை. தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் வடசொல்லைக் கிரந்த எழுத்திலும் எழுதியவர், வாசகனுக்கு ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டே போகிறார்: இந்தச் சொல் இந்த இனத்தைச் சேர்ந்தது, இதை இந்த இலக்கணத்தின்படி வாசி. நிரலாளர்கள் இன்று தங்கள் திரைகளில் நாள்தோறும் காண்பதும் இதைத்தான். அவர்களுடைய நிரலில் ஏவற்சொற்கள் ஒரு நிறத்திலும், மேற்கோள் குறிகளுக்குள் அடைபட்ட வாசகங்கள் வேறொரு நிறத்திலும், குறிப்புரைகள் மங்கிய சாம்பலிலும் தெரிகின்றன. இரண்டும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. ஆனால் இரண்டுக்கும் இடையில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைக் கவனிக்காததால் நாம் இழந்துகொண்டிருப்பது சிறிதல்ல.

முதலில் திரை வண்ணம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நிரல் என்பது வெறும் எழுத்துகளின் வரிசை. கோப்பில் வண்ணம் ஏதும் கிடையாது. அதற்கு வண்ணம் பூசவென்றே லைப்ரரிகள், அதாவது பிற நிரலாளர்கள் எடுத்தாளத்தக்க ஆயத்த நிரல்தொகுப்புகள் இருக்கின்றன. 2006இல் கேயார்க் பிராண்டல் தொடங்கிய பிக்மென்ட்ஸ் அவற்றுள் பெயர்பெற்றது. அது நிரலை இடமிருந்து வலமாக வாசித்து, சொற்களாகவும் குறிகளாகவும் நறுக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் ஓர் இனப்பெயரை ஒட்டுகிறது. இதைச் செய்யும் உறுப்புக்கு லெக்ஸர் என்று பெயர். சொல் பிரிப்பான் எனலாம். மேற்கோள் குறி ஒன்றைக் கண்டால் அது தன் நிலையை மாற்றிக்கொள்ளும். முடிவுக்குறி வரும்வரை உள்ளே வருவதெல்லாம் வாசகமே, அங்கே ஏவற்சொல் இருந்தாலும் அது ஏவலாகாது. இப்படிப் பெயரிடப்பட்ட துண்டுகளை ஃபார்மேட்டர் என்னும் இன்னோர் உறுப்பு வாங்கி, இணையப்பக்கமாகவோ அச்சுக்கான கோப்பாகவோ ஆக்கித் தருகிறது. எந்த இனத்துக்கு எந்த நிறம் என்பது தனியே ஒரு பட்டியலில் இருக்கும். அதை மாற்றினால் நிறம் மாறும், நிரல் மாறாது.

அதே 2006இல் ரஷ்ய நிரலாளர் இவான் சகலாயெவ் தொடங்கிய ஹைலைட் ஜேயெஸ் இன்னும் ஒரு படி மேலே போய், இது எந்த மொழி நிரல் என்பதையும் ஊகிக்க முயல்கிறது. தனக்குத் தெரிந்த மொழிகளின் விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து மதிப்பெண் இட்டு, அதிகம் பெற்ற மொழியைத் தேர்கிறது. வரிகள் குறைவாக இருந்தால் ஊகம் தவறக்கூடும்.

திரைக்கு வண்ணம் வந்த கதையில் ஓர் அகராதிக்கும் இடமுண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்குக் கொண்டுவரும் பணிக்காக ஐபிஎம் நிறுவனத்தின் மைக் கௌலிஷா 1985இல் லெக்ஸ் என்னும் தொகுப்பானை எழுதினார். அகராதிப் பதிவு ஒன்றின் உறுப்புகளைத் தட்டச்சு செய்யும்போதே பிரித்தறிந்து நிறத்தாலும் எழுத்துருவாலும் வேறுபடுத்திக் காட்டிய முன்னோடிக் கருவிகளுள் அது ஒன்று. ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் இருக்கும் இடத்தில்தான் இத்தகைய உதவி மிகவும் வேண்டியிருக்கிறது. நம் சங்கீத மண்டபத்தைக் கட்டிய இருகப்பரும் அகராதி செய்தவர்தாம். பல பொருள் ஒரு சொற்களைத் தொகுத்த ‘நானார்த்த ரத்னமாலை’ என்னும் வடமொழி நிகண்டு அவருடையது.

சொற்களை இனம் பிரிப்பது தமிழுக்குப் புதிதன்று. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுக்கிறது. வடசொல்லைக் கையாளும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்துக்கு இசைவாக அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. இனம் உண்டு, ஆனால் அது எழுத்தில் தெரியாது, அறிந்தவன் அறிவான். பதினோராம் நூற்றாண்டில் எழுந்த வீரசோழியம் வேறொரு நிலையைப் பதிவு செய்கிறது. வடவெழுத்து இடையே கலந்தால் விரவியல் என்றும், வடசொற்களே கலந்து வந்தால் மணிப்பிரவாளம் என்றும் அது பெயரிடுகிறது.

மணிப்பிரவாளம் என்ற பெயரே நிறத்தால் ஆனது. பிரவாளம் பவளம், மணி எது? முத்து என்று கொண்டால் வெண்மையும் செம்மையும் அடுத்தடுத்துப் பளிச்சிடும் மாலை கிடைக்கும். மலையாள மணிப்பிரவாளத்துக்கு இலக்கணம் வகுத்த பதினான்காம் நூற்றாண்டு ‘லீலாதிலகம்’ மாணிக்கம் என்றே கொள்கிறது. மாணிக்கமும் சிவப்பு, பவளமும் சிவப்பு; இரண்டு மொழிகளும் வேறுபாடு தோன்றாமல் ஒன்றிப்போவதே அழகு என்பது அதன் கொள்கை. வேறுபாட்டைக் காட்டுவதா, மறைப்பதா? நிரலுக்கு வண்ணம் பூசலாமா என்று நிரலாளர்கள் இன்றும் வாதிடும்போது எழுவதும் ஏறக்குறைய இதே கேள்விதான்.

பருத்திக்குன்றத்தார் காட்டுவதையே தேர்ந்தார்கள். இவ்வூரைக் குறிக்கும் மிகப் பழைய ஆவணம் பள்ளன்கோயில் செப்பேடு. பல்லவன் சிம்மவிஷ்ணுவின் தந்தை சிம்மவர்மன், பருத்திக்குன்றின் வஜ்ரநந்திக்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததை அது சொல்கிறது. கொடை ஆறாம் நூற்றாண்டினது; நமக்குக் கிடைத்த ஏடு பிற்காலத்துப் படி என்று கருதும் அறிஞர்களும் உளர். அதில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும், தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் இவ்வூரோடு தொடர்புடைய வாமன முனிவர் ‘மேருமந்தர புராண’த்தைத் தமிழ்ச் செய்யுளில் பாடினார். நீலகேசிக்கு ‘சமயதிவாகரம்’ என்னும் உரை வரைந்தவரும் அவரே என்பர். அவ்வுரையின் நடையோ வடசொல் மலிந்தது. ஜினசேனரும் குணபத்திரரும் வடமொழியில் செய்த மகாபுராணத்தை அடியொற்றிய ‘ஸ்ரீபுராணம்’ முழுக்க மணிப்பிரவாள உரைநடை. பருத்திக்குன்ற விதானத்துக் கதைகளைத் தெளிய உதவும் தமிழ் நூல் அதுதான்.

கணினி உலகிலும் எழுத்திலேயே இனத்தைக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. அல்கால் 60 மொழியின் அறிக்கையில் ஏவற்சொற்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டன. அது அலங்காரமன்று. தடித்த ‘பிகின்’ என்பது ஐந்து ஆங்கில எழுத்துகள் சேர்ந்த சொல்லாகக் கொள்ளப்படவில்லை. அது ஒரு தனிக் குறி. அதே எழுத்துகளைச் சாதாரணமாக எழுதினால் அது வெறும் பெயர். தட்டச்சில் தடித்த எழுத்து இல்லாததால் அடிக்கோடிட்டார்கள். துளையட்டைகளில் அதுவும் இயலாததால் மேற்கோள் குறிகளுக்கு நடுவே இட்டார்கள். பின்வந்த மொழிகள் பலவும் சில சொற்களை ஏவலுக்கென்றே ஒதுக்கிவைத்து, இந்தத் தொல்லையை ஒழித்தன. அன்றுமுதல் வண்ணம் எழுத்தை விட்டு வெளியே வந்தது. கோப்பில் அது இல்லை. வாசிக்கும் நேரத்தில் லைப்ரரி அதை உண்டாக்குகிறது. அழிந்தாலும் கவலையில்லை, மறுபடி ஓட்டினால் மறுபடி வரும். ஏனென்றால் அம்மொழியின் இலக்கணம் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கிறது.

காஞ்சிப் பட்டை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலையில் கரையின் நிறம் மேலே பூசப்படுவதில்லை. கரைக்கான பாவு நூல் தனியே சாயமேற்றப்படுகிறது. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட, இரண்டும் நெசவிலேயே கோக்கப்படுகின்றன. அச்சடித்த துணியில் நிறம் போனால் மீண்டும் அச்சடிக்கலாம். கோர்வையில் நூலையே மாற்றிவிட்டால் கரை எங்கே தொடங்கியது என்று சொல்ல யாராலும் இயலாது. கிரந்தம் கலந்த மணிப்பிரவாளம் கோர்வையைப் போன்றது.

அந்த நூலை நாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம். கிரந்த அச்செழுத்துகள் அருகிய பின்னர் மணிப்பிரவாள நூல்கள் பல தமிழ் எழுத்திலேயே அச்சேறின. இழப்பை உணர்ந்த பதிப்பாளர்கள் ககரத்தின் மேல் 2, 3, 4 என்று சிற்றெண் இட்டு வேறுபாட்டைக் காத்தனர். கல்வெட்டுப் பதிப்புகள் சிலவற்றில் கிரந்தப் பகுதி தடித்த எழுத்தில் இடம்பெறுகிறது. கணினியில் ஏற்றும்போது இவையும் உதிர்கின்றன. எஞ்சுவது ஒரே நிறத்து வரி.

அதனால் என்ன என்று கேட்கலாம். ‘பலம்’ என்று தமிழ் எழுத்தில் எழுதினால் அது வலிமையா, கனியா, எடையளவா? கிரந்தத்தில் மூன்றும் வெவ்வேறு. ‘தானம்’ கொடையா, இடமா? கொடைகளைப் பதிவு செய்யும் கல்வெட்டில் இது சிறிய ஐயமன்று. சமண நூல்களில் ‘பாவம்’ என்பதன் நிலை இன்னும் கடினம். தீவினையைக் குறிக்கும் வடசொல்லும், திரவியம் என்பதற்கு இணையாக நின்று அகநிலையைக் குறிக்கும் வடசொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுமே சமணத் தத்துவத்தின் அடிப்படைக் கலைச்சொற்கள். ‘பாவ கருமம்’ என்ற தொடரை எதிர்கொள்ளும் வாசகன் எந்தப் பாவம் என்று எப்படி அறிவான்? சூழல் சொல்லும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் சூழலைப் படித்தறிய மரபு தெரிந்தவர் வேண்டும். தமிழ்ச் சமணர் தொகையில் மிகச் சிறியவர்கள். அவர்களுக்குள்ளும் இந்நூல்களை ஓதித் தெளிந்தோர் இன்னும் சிலரே. மதிப்பெண் போட்டு ஊகிக்கும் லைப்ரரி இங்கே உதவாது; ஊகத்துக்கு ஆதாரமான வேறுபாடே அழிந்துவிட்டதல்லவா?

கிரந்தத்துக்கு ஒருங்குறியில் இடமளிப்பது பற்றி 2010இல் தமிழ்நாட்டில் கடும் விவாதம் எழுந்தது. தமிழ் எழுத்து வரிசைக்கு ஊறு நேருமோ என்ற அச்சம் அதில் இருந்தது. அதைப் புறந்தள்ள முடியாது. 2014இல் வெளிவந்த ஒருங்குறி 7.0 பதிப்பில் கிரந்தம் தமிழிலிருந்து விலகிய தனித்தொகுதியாக இடம்பெற்றது. இந்த விலகல்தான் நமக்குப் பேருதவி. தமிழுக்கு ஓர் எண்வரிசை, கிரந்தத்துக்கு வேறோர் எண்வரிசை என்று ஆனபின், இரண்டையும் பிரித்து நிறமிட பிக்மென்ட்ஸ் போன்ற லைப்ரரிக்குச் சில வரிகளில் ஒரு சொல் பிரிப்பான் எழுதிக் கொடுத்தால் போதும். கிரந்தம் படிக்கத் தெரியாத வாசகனுக்கு அதே கோப்பிலிருந்து தமிழ் எழுத்தில் மாற்றி, ஆனால் நிறத்தை விடாமல் காட்டவும் முடியும். தனித்தமிழ் விரும்புவோருக்கும் இதில் இழப்பில்லை. வந்த சொல் எது என்று தெரிந்தால்தானே அதை விலக்கவும் முடியும்?

தேவைப்படுவது பதிவேற்றும் இடத்தில் சற்றே பொறுமை. ஏட்டில் கிரந்தமாக இருப்பதைக் கிரந்தமாகவே உள்ளிட வேண்டும். அதற்கான எழுத்துருவோ விசைப்பலகையோ கைவசம் இல்லையென்றால், அச்சொல்லின் முன்னும் பின்னும் ஒரு குறியாவது இட்டுவைக்கலாம். துளையட்டைக் காலத்து அல்கால் நிரலாளர்கள் செய்தது அதைத்தான். குறி இருந்தால் பிற்காலத்தவர் அதை எழுத்தாகவோ நிறமாகவோ மீட்டுக்கொள்வார்கள். விதானத்து ஓவியத்தின் மேல் வேறொரு காலத்தவர் மீண்டும் தீட்ட முடிந்ததென்றால், அடியில் பழைய கோடுகள் இருந்ததால்தான்.