கம்பும் ஏடும்

படைக்கலங்களுள் மிக எளியது கம்பு. அதற்குக் கொல்லன் உலை வேண்டா. பொன்னும் மணியும் வேண்டா. ஆடு மேய்ப்போன் கையிலும் வழிநடப்போன் கையிலும் இருப்பது அது. ஆயினும் சீனர் அதனை எல்லாப் படைக்கலங்களுக்கும் பாட்டன் என்று போற்றுவர். கம்பு, ஈட்டி, ஒருபுறம் கூரிய வாள், இருபுறமும் கூரிய வாள் ஆகிய நான்கனையும் அவர் தலையாயவாகக் கொள்வர்.

நம் நாட்டில் இக்கம்பு சிலம்பம் எனவும் சிலம்படி எனவும் பெயர் பெற்றது. ஆடுவோனின் நெற்றியளவு உயர்ந்த மூங்கிலே பெரும்பாலும் இதற்குரியது. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் 'சீனடி சிலம்படி' என இரண்டையும் இணைத்துச் சொல்வது வழக்கு. 'சீனடி' என்பதனைச் சீனர் தந்த அடிமுறை என விளக்குவோர் உளர். காஞ்சியினின்று சென்ற போதிதருமரே சீனருக்குப் போர்க்கலை கற்பித்தார் என்போரும் உளர். கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதே வழக்கு.

இரு நாட்டாரும் கடல்வழி கலந்து பழகினர் என்பதில் ஐயமில்லை. குறிகட்டுவானுக்கு எதிரேயுள்ள நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோயிலில், 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டாரைக் காக்க வேண்டுமென அது விதிக்கின்றது. 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்ட கல்லொன்றோ சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்தது. 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. எனினும், இவ்விரு கற்களும் கம்பாட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

சீனரின் சான்றுகளோ வேறு கதை சொல்கின்றன. போதிதருமரை உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. சாவோலின் மடத்தார் தம் கம்புக் கலையின் முதல்வராகக் கொண்டது அவரையன்று. கின்னர அரசன் என்னும் காவற்றெய்வத்தையே. அடுப்புக் கிளறும் கோலைக் கைக்கொண்டு கலகக்காரரை விரட்டினான் என்பது அம்மடத்துக் கதை. கதையை விடுத்து வரலாற்றை நோக்கின், 1553இல் கடற்கொள்ளையரை எதிர்த்த அம்மடத்துத் துறவியர் இரும்புக் கம்புகளை ஏந்தியதாக அக்காலக் குறிப்புகள் உள்ளன.

இங்கே நாம் கருத வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1561ஆம் ஆண்டளவில் யூ தாயூ என்னும் படைத்தலைவர் சாவோலின் சென்றார். துறவியரின் ஆட்டத்தைக் கண்டார். பழைய நுட்பம் மறைந்துவிட்டதென எடுத்துரைத்தார். இளந்துறவியர் இருவரைத் தம்முடன் அழைத்துச் சென்று, மூன்றாண்டு பயிற்றி அனுப்பினார். புகழ்மிக்க மடத்திலேயே கலை மங்கியது. வெளியார் ஒருவரின் கையால் மீண்டது! பின்னர் செங் சோங்யூ என்பார் அம்மடத்துக் கம்புமுறைகளைப் படங்களுடன் நூலாக்கினார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்நூலைக் கொண்டு, எந்த நிலைக்குப் பின் எந்த வீச்சு என்பதனை இன்றும் அறியலாம்.

நம் சிலம்பமோ பெரும்பாலும் ஆசானின் கையிலும் மாணாக்கனின் காலடியிலுமே வாழ்ந்து வந்தது. வாய்மொழியாகவும் உடல்மொழியாகவும் வந்த கலைக்கு ஆசானே ஏடு. அவர் மறையின் ஏடும் மறைந்துவிடும். ஒவ்வோர் ஊருக்கும் உரிய காலடி, தடுப்பு, வீச்சு, அவற்றின் பெயர்கள் ஆகியன அவ்வாறு எத்தனையோ அழிந்திருக்கக்கூடும்.

ஆகவே, சீனருக்குக் கொடுத்தது நாமா, அன்றி நமக்குக் கொடுத்தது அவரா என்னும் வாதத்தில் நாம் செலவிடும் ஊக்கத்தில் ஒரு பங்கையேனும் வேறு பணிக்கு ஒதுக்குதல் நன்று. எவ்வூரிலேனும் சிலம்படி அறிந்த முதியவர் இருப்பின், பள்ளிப்பிள்ளைகள் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு அவரிடம் செல்லட்டும். ஒவ்வோர் அடியின் பெயரையும் கேட்டு எழுதட்டும். கால் வைக்கும் முறையைக் கோடுகளால் வரையட்டும். சீனர் தம் கம்புக்கு ஓர் ஏடு செய்தனர். நம் கம்பு அதற்காகக் காத்திருக்கின்றது.