டிராக்டர் என்னும் பதத்தின் சரித்திரம்

வயலில் கலப்பையை இழுக்கும் யந்திரத்துக்கு டிராக்டர் என்னும் பெயர் வந்து சேர்வதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, அந்தப் பதம் நிலத்தோடும் பயிரோடும் எவ்விதச் சம்பந்தமும் இல்லாத வேறொரு பொருளைக் குறித்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிரசித்தமாக வழங்கி வந்தது. இழுத்தலைக் குறிக்கும் 'டிராஹெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்த அதற்கு 'இழுப்பது' என்பதற்கு மேல் சுயமான அர்த்தம் ஏதும் இல்லை. எது எதை இழுக்கிறது என்பதை அந்தந்தக் காலமே நிர்ணயித்தது. கனெக்டிகட் மாகாணத்து வைத்தியர் எலைஷா பெர்கின்ஸ் என்பவர், ஏறக்குறைய மூன்று அங்குல நீளமுள்ள இரண்டு உலோகக் கூர்ங்கோல்களைச் செய்து, அவற்றால் நோயுற்ற அங்கத்தை வருடினால் வேதனைக்குக் காரணமான மின்திரவம் உடலினின்றும் இழுக்கப்பட்டு வெளியேறிவிடும் என்று கூறி, 1796-இல் அவற்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். 'டிராக்டர்' என்பது அக்கோல்களின் பெயர். அவருடைய குமாரர் அவற்றை லண்டனுக்குக் கொண்டு சென்று, ஜோடி ஐந்து கினி என்று விற்றார். வாத நோயாளிகளும் தலைவலிக்காரரும் வாங்கினார்கள். சுகம் கண்டோம் என்று மனப்பூர்வமாகச் சாட்சியும் சொன்னார்கள்.

அந்தச் சாட்சியத்தைச் சோதித்தவர் பாத் நகரத்தில் இருந்த வைத்தியர் ஜான் ஹேகார்த். மரத்தால் இரண்டு கோல்கள் செய்வித்து, உலோகம் போலத் தோன்றும்படி வர்ணம் பூசி, 1799-ஆம் வருஷத்துத் தொடக்கத்தில் ஐந்து நோயாளிகளிடம் அவற்றை உபயோகித்தபோது, நால்வர் உடனே குணம் தெரிவதாகக் கூறினர். மறுநாள் அசல் கோல்களைக் கொண்டு வருடியபோதும் பலன் அவ்வாறே இருந்தது. மனோபாவனையே வலியைத் தணித்தது என்று தெளிவுபடுத்திய அந்தப் பரிசோதனை, மருந்தின் உண்மைக் குணத்தை அறியப் போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இன்றைய முறைக்கு முன்னோடியாகும். பெர்கின்ஸ் அதே வருஷத்தில் நியூயார்க்கில், தாம் கண்டுபிடித்த வேறொரு மருந்தை மஞ்சள் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்க்கச் சென்ற இடத்தில், அந்தக் காய்ச்சலாலேயே மாண்டார். சில ஆண்டுகளில் கோல்கள் மறைந்தன. பதமும் அவற்றோடு மங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பண்ணைகளுக்கு வந்த நீராவி யந்திரங்கள் கதிரடிக்கும் கருவியைச் சுழற்றும் பலம் படைத்திருந்தும், ஒரு களத்திலிருந்து மறுகளத்துக்குத் தாமாக நகரும் சக்தி இல்லாமையால், அவற்றைக் குதிரைகளே இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. கெண்ட் பிரதேசத்து ராச்செஸ்டரில் தாமஸ் அவெலிங் என்பவர் 1859-இல் யந்திரத்தின் சுழற்சியைச் சங்கிலி வழியாகப் பின்சக்கரத்துக்குச் செலுத்தி, அது தன்னைத் தானே இழுத்துக்கொள்ளுமாறு செய்தார். இவ்வாறு நகரும் யந்திரங்களுக்கே 'டிராக்ஷன் எஞ்ஜின்', அதாவது இழுவை யந்திரம், என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் அவை உழவுக்கு இறங்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அவற்றின் பாரம் மண்ணை இறுக்கிக் கெடுத்துவிடும் ஆதலால், ஜான் ஃபவுலரின் முறைப்படி யந்திரம் வரப்போரத்தில் நின்றுகொண்டே கம்பிவடத்தால் கலப்பையை வயலின் குறுக்கே இழுத்தது. இந்த உபாயத்துக்கு இங்கிலாந்தின் ராயல் விவசாயச் சங்கம் 1858-இல் ஐந்நூறு பவுன் பரிசளித்தது.

நீரும் நிலக்கரியும் சுமந்து திரியும் தொல்லையையும், புகைபோக்கியின் தீப்பொறி வைக்கோலில் விழும் அபாயத்தையும் நீக்கியது பெட்ரோல் எஞ்ஜின். அயோவா மாகாணத்தைச் சேர்ந்த ஜான் ஃபிரோலிக், கூலிக்குக் கதிரடித்துக் கொடுப்பவர். முன்னும் பின்னும் செல்லக்கூடிய பெட்ரோல் யந்திரம் ஒன்றை 1892-இல் அமைத்துத் தெற்கு டகோட்டாவின் கோதுமை வயல்களுக்குக் கொண்டுசென்று, அந்த அறுவடைக் காலத்தில் அதனால் வேலை வாங்கினார். வியாபாரத்தில் அவருக்குப் பேறு வாய்க்கவில்லை; விற்ற இரண்டு யந்திரங்களும் திரும்பி வந்துவிட்டன. இங்கிலாந்தில் சைக்கிள் செய்து பெயர்பெற்ற டான் ஆல்போன் 1902-இல் மூன்று சக்கரங்களோடு இலகுவான யந்திரம் ஒன்றைச் செய்தபோது, அவர் அதற்கு இட்ட பெயர் 'ஐவல் விவசாய மோட்டார்' என்பது. பொருள் பிறந்துவிட்டது, பெயர் இன்னும் நிலைபெறவில்லை.

அதை நிலைநிறுத்தியது ஒரு விளம்பரம். விஸ்கான்சின் சர்வகலாசாலையில் ஒன்றாகப் படித்த சார்லஸ் ஹார்ட், சார்லஸ் பார் என்னும் இரு நண்பர்கள் அயோவாவின் சார்லஸ் சிட்டியில் தொழிற்சாலை அமைத்து, இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளிலிருந்து இத்தகைய யந்திரங்களையே தொழிலாகச் செய்து விற்றார்கள். அவர்களுடைய விற்பனை அதிகாரியாகிய டபிள்யூ. எச். வில்லியம்ஸ், 'கேஸொலின் டிராக்ஷன் எஞ்ஜின்' என்று ஒவ்வொரு முறையும் எழுதுவது விளம்பரத்துக்கு நீளமென்று கண்டு, 1906-ஆம் வருஷத்தில் அதை 'டிராக்டர்' என்று சுருக்கினார். அவர் அப்பதத்தைப் புதிதாகப் படைத்துவிட்டார் என்று சிலர் எழுதுவது சரியன்று. 1890-இலேயே அமெரிக்கக் காப்புரிமைப் பத்திரம் ஒன்றில் அது யந்திரப் பெயராகக் காணப்படுகிறது. ஆனால் பத்திரத்தில் உறங்கிக் கிடந்த பெயரைக் குடியானவன் நாவில் ஏற்றிய பெருமை வில்லியம்ஸையே சேரும்.

அந்நாளில் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது. குதிரையும் எருதும் செய்துவந்தது இழுவை. அவற்றின் ஸ்தானத்தில் வந்த யந்திரத்திடம் மனிதர் முதலில் எதிர்பார்த்ததும் அதுவே. ஆயினும் அந்த ஹார்ட்-பார் யந்திரங்களின் பெயர்ப் பலகையிலேயே மற்றோர் உண்மையும் பொறிக்கப்பட்டிருந்தது. '30-60' என்று குறித்தால், முதல் எண் இழுவைக்குக் கிடைக்கும் குதிரைச் சக்தி. இரண்டாவது, பெல்ட் மாட்டி வேறு கருவிகளைச் சுழற்றுவதற்குக் கிடைக்கும் சக்தி. சக்தியில் ஒரு பாதி சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே நஷ்டமாகிவிட, நின்ற இடத்தில் சுழற்றும்போதே யந்திரத்தின் முழுப் பலமும் பயன்பட்டது. விற்பவர்கள் இந்த எண்களை மனம்போனபடி போட்டு ஏமாற்றியதைத் தடுக்க, நெப்ராஸ்கா மாகாணம் 1919-இல் ஒரு சட்டம் இயற்றி, அங்கே விற்கும் ஒவ்வொரு வகை டிராக்டரும் மாகாணச் சர்வகலாசாலையில் பரீட்சிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. குடியானவனின் பணத்துக்குப் பாதுகாப்பளித்த அந்தச் சட்டத்தை, எந்தப் புதிய யந்திரத்துக்கும் குறையாத கண்டுபிடிப்பாகவே நான் மதிக்கிறேன். 1918-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, நகர்ந்து செல்லும்போதே பின்னால் பூட்டிய கருவியைச் சுழற்றும் தண்டு ஒன்றைத் தன் யந்திரத்தில் அமைத்தது. அன்று முதல் டிராக்டர் வெறும் இழுப்பானாக இல்லை.

இழுவை என்னும் கருத்தையே மாற்றி அமைத்தவர் வட அயர்லாந்தின் ஹாரி ஃபெர்குசன். 1917-இல் வெளிவந்து, பின்னர் 395 டாலருக்கே கிடைக்கும்படி மலிந்த ஹென்றி ஃபோர்டின் 'ஃபோர்ட்ஸன்' எளியவர்களுக்கும் எட்டியது என்பது மெய். ஆனால் கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், அதன் முன்சக்கரங்கள் மேலெழும்பி, யந்திரமே பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுபவனை நசுக்கிவிடும் பயங்கரமும் அதில் இருந்தது. மாட்டுக்குப் பின்னால் ஏர் பூட்டுவது போல யந்திரத்துக்குப் பின்னால் கலப்பையைத் தொங்கவிட்டதே இந்த விபத்துக்கு மூலம் என்று உணர்ந்த ஃபெர்குசன், மூன்று இணைப்புகளால் கலப்பையை யந்திரத்தோடு ஓர் அங்கமாக்கி, எண்ணெய் அழுத்தத்தால் அதை உயர்த்தவும் தாழ்த்தவும் வழிசெய்தார். கலப்பைக்கு ஏற்படும் எதிர்ப்பே சக்கரங்களை மண்ணில் ஊன்றச் செய்யும்படி அமைந்த அந்த ஏற்பாடு, 1939-இல் ஃபோர்டின் டிராக்டரிலும், 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்யப்பட்ட சாம்பல் நிற ஃபெர்குசனிலும் பரவிற்று. அவர் பெயரைத் தாங்கிய மாஸி-ஃபெர்குசன் கம்பெனியின் கூட்டுறவோடுதான் 1960-இல் சென்னையில் 'டாஃபே' நிறுவனம் தோன்றியது. அந்த மூன்று இணைப்புகளும் அவ்வழியே நம் வயல்களுக்கும் வந்தன.

தொழில் இவ்வளவு மாறியும் பெயர் மாறவில்லை. ஜெர்மானியர் தம் மொழியில் 'ஷ்லெப்பர்', 'டிரெக்கர்' என்று சொல்வதற்கும் இழுப்பது என்பதே பொருள். தெற்கு ஜெர்மனியில் மட்டும் 1921-இல் வந்த 'லான்ஸ் புல்டாக்' என்ற யந்திரத்தின் பெயரால் எல்லா டிராக்டர்களையும் 'புல்டாக்' என்றே அழைத்தார்கள். சீனர் 'துவோலாஜி' என்று ஒலியையும் பொருளையும் ஒருங்கே பிடித்தார்கள்; அந்நிய ஒலியைத் தழுவிய அச்சொல்லுக்கு அவர்கள் எழுத்தில் 'இழுத்துச் செல்லும் பொறி' என்பதே அர்த்தம். இலங்கைத் தமிழர் இழுவையை விட்டுவிட்டு, 'உழவு இயந்திரம்' என்று வேலையால் பெயரிட்டார்கள். எனக்கு அது மிகவும் உவப்பான பெயர். தமிழ்நாட்டுக் குடியானவர் டிராக்டர் என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டு, பின்னால் பூட்டும் கருவிகளைத் தம் வழக்கால் வேறுபடுத்திக்கொண்டார்கள்: ஐந்து கொத்துக் கலப்பை, ஒன்பது கொத்துக் கலப்பை, சேற்றுழவுக்குக் கேஜ் வீல், கட்டி உடைக்க ரோட்டாவேட்டர் என்று. எந்த வேலைக்கு வண்டி வேண்டும் என்று கேட்பவனுக்கு அங்கே விடை சொல்வது டிராக்டர் என்ற பதமன்று, அதன் பின்னால் பூட்டியிருக்கும் கருவியின் பெயரே.