ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து இதயக் குழாய்க்கு

1964 டிசம்பரில் கனடாவின் கடற்படைக் கப்பல் ஒன்று ஈஸ்டர் தீவில் நங்கூரம் போட்டது. தீவுக்கு விமான நிலையம் வரவிருந்தது. வெளியுலகம் உள்ளே நுழைவதற்குள் மக்களையும் மண்ணையும் ஆராய்ந்துவிட வேண்டும் என்று மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி ஸ்கோரினா திரட்டி வந்த மருத்துவக் குழு அந்தக் கப்பலில் இருந்தது. குழுவில் ஜார்ஜ் நோக்ராடி என்ற நுண்ணுயிரியலாளர் இருந்தார். இத்தனை குதிரைகள் திரியும் தீவில், வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஏன் டெட்டனஸ் வருவதில்லை என்பது அவருடைய சந்தேகம். தீவை 67 பகுதிகளாகப் பிரித்து மண் அள்ளினார். இதய நோயைப் பற்றி அப்போது அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அந்த மண் மாண்ட்ரியலில் இருந்த அயெர்ஸ்ட் மருந்து நிறுவனத்துக்குப் போனது. அங்கே சுரேந்திர நாத் சேகலும் சக ஆய்வாளர்களும் மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியா பூஞ்சையைக் கொல்லும் பொருளைச் சுரப்பதைக் கண்டார்கள். தீவை அதன் மக்கள் அழைக்கும் பெயர் ராபா நூயி. ஆகவே மருந்து ராபாமைசின் ஆனது. பூஞ்சை மருந்தாக அது தேறவில்லை, நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிட்டது. 1983-இல் மாண்ட்ரியல் ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது, சேகல் பாக்டீரியாவைக் கடைசியாக ஒருமுறை வளர்த்துக் குப்பிகளில் அடைத்து வீட்டு ஃப்ரீசரில் வைத்தார். ‘சாப்பிடாதீர்கள்’ என்று மேலே எழுதியிருந்தாராம். நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தபோது அதையும் கூடவே கொண்டுபோனார். நிர்வாகம் மாறிய பிறகு பேசிப் பேசி ஆய்வைத் திரும்பத் தொடங்கவைத்தார். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. 1999-இல் அமெரிக்காவில் ராபாமைசின், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அந்தக் குணத்துக்காகவே, சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அனுமதி பெற்றது.

இதய மருத்துவர்களின் தலைவலி வேறு. 1977-இல் ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் பலூனை ஊதி இதயக் குழாய் அடைப்பைத் திறந்து காட்டினார். சில மாதங்களில் பலருக்குக் குழாய் திரும்பச் சுருங்கியது. உலோக வலையான ஸ்டென்ட் வைத்தால் குழாய் சுருங்காது. ஆனால் உடம்பு அதைக் காயமாகவே எடுத்துக்கொள்கிறது. குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் உள்பக்கம் நகர்ந்து வந்து, காயத்தை ஆற்றுகிறோம் என்று பெருகிப் பெருகி வலைக்குள்ளேயே சதை வளர்த்துவிடும்.

செல்லைப் பெருகச் சொல்வது யார்? பாசலில் மைக்கேல் ஹால் குழுவினர் 1991-இல் ஈஸ்ட் செல்லில் ராபாமைசின் தாக்கும் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். மனிதச் செல்லில் அதன் பெயர் எம்-டார். கல்லும் மணலும் வந்து இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லும் மேஸ்திரி அது. ராபாமைசின் முதலில் செல்லுக்குள் இருக்கும் இன்னொரு புரதத்தோடு ஒட்டி, பிறகு அந்த ஜோடியாகப் போய் எம்-டாரை முடக்குகிறது. செல் சாவதில்லை; டி.என்.ஏ.வைப் படியெடுப்பதற்கு முன்பே நின்றுவிடுகிறது. குழாய்த் தசைச் செல்களிலும் இதுவே நடக்கிறது என்று ஆண்ட்ரூ மார்க்ஸ் குழுவினர் 1995-இல் நியூயார்க்கிலிருந்து காட்டினார்கள்.

அப்படியானால் மருந்தை ஸ்டென்ட்டிலேயே பூசிவிட்டால் என்ன? 1999 டிசம்பரில் சாவோ பாலோவில் எடுவார்டோ சோசா அப்படிப்பட்ட ஸ்டென்ட்டை முதன்முதலாக மனிதருக்கு வைத்தார். சதுர செ.மீ.க்கு 140 மைக்ரோகிராம் மருந்து, பெரும்பகுதி முதல் ஒரு மாதத்தில் கசிந்துவிடும். அடுத்து 238 பேரிடம் நடந்த ‘ராவெல்’ சோதனையில், வெறும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்தில் குழாய் மீண்டும் சுருங்கியது. மருந்து ஸ்டென்ட்டில் ஒருவருக்குக்கூட இல்லை. மருத்துவ உலகில் பூஜ்யம் சாதாரணமாக வருகிற எண் அல்ல. சைஃபர் என்ற பெயரில் 2003 ஏப்ரலில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சேகல் அதே ஆண்டு ஜனவரியில் புற்றுநோயால் இறந்திருந்தார்.

பூஜ்யம் பிறகு நீடிக்கவில்லை. மருந்து, தசைச் செல்லையும் குழாயின் உள்பூச்சாக இருக்கும் செல்லையும் பிரித்துப் பார்ப்பதில்லை. உள்பூச்சு மூடாத உலோகத்தில் மாதங்கள், ஏன் ஆண்டுகள் கழித்தும் ரத்தம் உறையலாம் என்ற அச்சம் 2006-இல் பெரிதாகக் கிளம்பியது. அதனால் பின்னர் வந்த ஸ்டென்ட்களில் கம்பி மெலிந்தது. ராபாமைசினின் உறவுக்கார மருந்துகள் இடம் பிடித்தன. ஸ்டென்ட் வைத்தவரிடம் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் கொடுத்து, நான் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பதும் இதனால்தான்.