அடிக்கணக்கும் ஆள்கணக்கும்: வர்ஜீனியாவில் ஒரு கட்டட அனுமதியின் வரலாறு

1

வீடு கட்ட அனுமதி வாங்குவதைப் போலச் சலிப்பான விஷயம் வேறில்லை. மனு, வரைபடம், கட்டணம், ‘அடுத்த வாரம் வாங்க’. இதில் கோட்பாடு பேச என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒரு சமூகம் யாரை யாருக்குப் பக்கத்தில் குடிவைக்கச் சம்மதிக்கிறது என்பது அரசியல் பிரகடனங்களில் தெரிவதைவிட இந்த மனுக்களில்தான் துலக்கமாகத் தெரிகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் ரிச்மண்டுக்கு வடக்கே சுமார் 15 மைல் தூரத்திலுள்ள ஆஷ்லண்ட் எனும் சிற்றூரை முன்வைத்து இதைப் பார்க்கலாம். 1840களில் ரயில்வே கம்பெனி உருவாக்கிய உல்லாசக் குடியிருப்பு அது. 1858இல் முறைப்படி ஊரானது. இன்றும் ஊர் நடுவே, வீடுகளின் வாசலை ஒட்டி ரயில் போகிறது.

வர்ஜீனியாவின் சிற்றூர்களில் வீடு கட்டப்போகிறவர் பொதுவாக இரண்டு வாசல் ஏறி இறங்க வேண்டும். முதல் வாசல் ஸோனிங், அதாவது மண்டலப் பிரிப்பு. ஊர் முழுவதையும் வரைபடத்தில் துண்டுகளாக்கி, இந்தத் துண்டில் தனிவீடு, இதில் கடை, இதில் தொழிற்சாலை என்று ஊர்மன்றம் விதித்திருக்கும். மனை குறைந்தது எவ்வளவு பெரிதாக இருக்கணும், தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டணும், பக்கத்து எல்லையிலிருந்து எத்தனை அடி, உயரம் எத்தனை அடி என்பதெல்லாம் அதில் உண்டு. சர்வேயர் வரைந்த மனைப்படத்தைக் காட்டி ஸோனிங் அதிகாரியிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். இரண்டாம் வாசல் கட்டட அனுமதி. அஸ்திவாரம், சட்டகம், மின்சாரம், குழாய் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை இது. 1973 செப்டம்பர் முதல் இதற்கு மாநிலம் முழுமைக்கும் ஒரே விதித்தொகுப்புதான். பல ஊர்களில் முதல் ஒப்புதலை ஊர் அலுவலகமும், இரண்டாவதை அந்த ஊரை உள்ளடக்கிய கவுண்டி நிர்வாகமும் தருகின்றன.

மனு விதிக்குள் அடங்கினால் அதிகாரி மறுக்க முடியாது. ‘உரிமைப்படி’ என்று அதற்குப் பெயர். அடங்காவிட்டால் கதை வேறு. சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். செய்தித்தாளில் அறிவிப்பு வரும். பக்கத்து மனைகளுக்குக் கடிதம் போகும். திட்டக் குழுவும் ஊர்மன்றமும் பொதுவிசாரணை நடத்தும். அடிக்கணக்கில் விதிவிலக்கு வேண்டுமென்றால் அதற்கென்று ஸோனிங் மேல்முறையீட்டு வாரியம் தனியாக உண்டு.

எல்லாம் அடி, சதுர அடி, ஏக்கர். மனுதாரரின் நிறத்தை எந்தக் கட்டமும் கேட்பதில்லை. நடுநிலையான, கணிதச் சுத்தமான ஒரு பிரதி. இந்தச் சுத்தம் எப்போது வந்தது, எதைத் துடைத்து வந்தது என்பதே நம் கேள்வி.

2

1910 டிசம்பரில் பால்டிமோர் நகரம் ஒரு சட்டம் போட்டது. வெள்ளையர் பெரும்பான்மையாக இருக்கும் தெருத்துண்டில் கறுப்பர் குடியேறக் கூடாது. கறுப்பர் பெரும்பான்மையாக இருக்கும் துண்டில் வெள்ளையர் குடியேறக் கூடாது. பார்வைக்கு இரண்டு பக்கமும் சமமான தராசு! 1911 ஏப்ரலில் ரிச்மண்ட் அதைப் பின்பற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில், சில ஆயிரம் பேர்கூட இல்லாத ஆஷ்லண்டும் தனக்கென்று ஒரு இனப்பிரிப்புச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. பெருநகர நெரிசல், தொழிற்சாலைப் புகை என்று நகரத் திட்டமிடலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் இந்த ரயிலடி ஊருக்குப் பொருந்தாது. அப்புறம் என்னத்துக்கு இந்த அவசரம்?

1912இல் வர்ஜீனியா சட்டமன்றம் இதை மாநிலக் கொள்கையாகவே ஆக்கியது. நகரங்களும் ஊர்களும் விரும்பினால் தங்கள் நிலப்பரப்பை ‘வெள்ளையர் பகுதி’, ‘கறுப்பர் பகுதி’ என்று பிரித்து, வரைபடம் தயாரித்து, யாரும் வந்து பார்க்கும்படி வைக்கலாம். ஊர் முழுவதையும் மண்டலங்களாகக் கோடு போட்டுப் பிரித்த முழுமையான ஸோனிங் சட்டம் நியூயார்க்கில் 1916இல்தான் வந்தது என்று பாடநூல்கள் சொல்லும். வர்ஜீனியா அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே கோடு போடும் அதிகாரத்தை ஊர்களுக்குக் கொடுத்துவிட்டது. கட்டடத்தின் உயரத்தை அளக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே அது மனிதர்களைப் பிரிக்கக் கற்றுக்கொண்டது.

இந்த வகைச் சட்டங்களில் வழக்கமாக ஒரு விலக்கு உண்டு. வேலைக்காரர் எஜமானின் வளாகத்தில் தங்கலாம். அப்படியானால் கறுப்பு உடல் பக்கத்தில் இருப்பது பிரச்சினையே இல்லை. அது சமையலறையில் இருக்கலாம், குழந்தையைத் தூக்கலாம். சாவி வைத்துக்கொண்டு தன் சொந்த வாசற்படியில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். சட்டம் எதற்குப் பயந்தது என்பது விதியைவிட விலக்கில்தான் பச்சையாகத் தெரிகிறது.

ஊர்மன்றத்தில் இதை எதிர்த்து வாக்களிக்க யார் இருந்தார்கள்? 1902இல் வர்ஜீனியா புதிய அரசியல் சாசனம் எழுதிக்கொண்டது. வாக்களிக்க ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி. சாசனத்தின் பகுதிகளை விளக்கிக்காட்டும் சோதனை. போரில் பணியாற்றியவர்களுக்கும் அவர்களுடைய மகன்களுக்கும் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு. கறுப்பரின் வாக்குரிமை பெரும்பகுதி இப்படித்தான் பறிபோனது. ஆக முதலில் வாக்குப்பெட்டி, அப்புறம் தெரு. இந்த வரிசையை மறந்துவிட்டு ஸோனிங்கைத் தொழில்நுட்பமாக மட்டும் பேசுவது வரலாற்றை மொட்டையடிப்பதாகும்.

ரிச்மண்டிலிருந்தும் ஆஷ்லண்டிலிருந்தும் வழக்குகள் போயின. 1915இல் வர்ஜீனியாவின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் சேர்த்து விசாரித்து, இப்படிப் பிரிக்கிற அதிகாரம் ஊர்களுக்கு உண்டு என்றே சொன்னது. பொது அமைதியைக் காக்கும் காவல் அதிகாரத்தின் ஒரு பகுதியாம் அது.

3

1917 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரின் இத்தகைய சட்டத்தை ஒருமனதாகச் செல்லாதென்றது. விற்கிறவர் புக்கானன், வெள்ளையர். வாங்குகிறவர் வார்லி, கறுப்பர். கறுப்பின உரிமை இயக்கத்தைச் சேர்ந்தவர். சட்டத்தைச் சோதிப்பதற்காகவே செய்துகொண்ட ஒப்பந்தம் அது. தீர்ப்பு கொண்டாடப்பட்டது, கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் நீதிமன்றம் எதைக் காப்பாற்றியது என்று கவனிக்க வேண்டும். தன் சொத்தை விரும்பியவருக்கு விற்கும் உரிமையை அது காப்பாற்றியது. கறுப்பர் ஒரு மனிதராக அல்ல, ஒரு ‘வாங்குபவராக’ அந்தத் தீர்ப்புக்குள் நுழைந்தார்.

நிறத்தை எழுதக் கூடாது என்றானதும் வேலை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி தனியார் கைக்குப் போனது. ‘இந்த மனையைக் கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டேன்’ என்ற ஷரத்து கிரயப் பத்திரங்களில் ஏறியது. இவற்றில் அரசின் கை இல்லை என்று 1926இல் உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. 1948 வரை நீதிமன்றங்கள் அவற்றை நிறைவேற்றிக் கொடுத்தன. சொத்துரிமை ஒரு கையால் திறந்த கதவை மறு கையால் சாத்தியது.

மறுபாதி அடிக்கணக்கானது. ஹெர்பர்ட் ஹூவரின் கீழிருந்த மத்திய வணிகத் துறை 1920களில் மாதிரி ஸோனிங் சட்டமொன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. ஒஹையோ மாநிலத்தில் யூக்ளிட் என்ற சிறு ஊரின் ஸோனிங் வழக்கு 1926இல் உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. கீழ்நீதிமன்ற நீதிபதி வெஸ்டன்ஹேவர் 1924இல் லூயிவில் தீர்ப்பை நினைவுகூர்ந்து, அது செல்லாதென்றால் இதுவும் செல்லாது என்று முடிவுசெய்திருந்தார். இரண்டுக்கும் உள்ள உறவை அந்தக் காலத்து நீதிபதியே பார்த்துவிட்டார். பின்னால் வந்தவர்கள்தான் பார்க்காத மாதிரி இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அவர் தீர்ப்பை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட், தனிவீட்டுப் பகுதிக்குள் வருகிற அடுக்குமாடி வீட்டைக் குறிக்க ‘ஒட்டுண்ணி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஒட்டுண்ணி கட்டடமா, அதில் வாடகைக்கு இருப்பவரா? செங்கல் யாரையும் உறிஞ்சுவதில்லை.

இந்த சதர்லண்ட் நமக்கு அந்நியர் அல்ல. 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் குடியுரிமை வழக்கில், இந்தியர் ‘வெள்ளையர்’ அல்ல, ஆகவே குடியுரிமை கிடையாது என்று எழுதியவரும் இவர்தான். நாட்டின் எல்லையில் யார் உள்ளே என்று தீர்மானித்த அதே பேனா, மூன்றாண்டு கழித்து, தெருவின் எல்லையில் எது உள்ளே என்று தீர்மானித்தது. 1927இல் வர்ஜீனியாவின் ரோனோக் நகரில் கடை கட்டுபவர் தெருவிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற வழக்கிலும் தீர்ப்பு அவருடையதே. இன்று எந்தச் சிற்றூர் மனுவிலும் வரும் அந்த ‘இத்தனை அடி தள்ளி’ என்ற விதி இப்படி உறுதிப்பட்டது.

கொள்ளைநோய் வந்த ஊரை வீடுவீடாகத் தடுத்து, கட்டம் கட்டிக் கண்காணித்ததில் நவீன அதிகாரத்தின் ஒரு மாதிரியை ஃபூக்கோ கண்டார். ஸோனிங் வரைபடம் அந்தக் கட்டங்களுக்கு வண்ணமடித்த வடிவம். யார் நோய் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

4

ரிச்மண்டுக்கு மனசு ஆறவில்லை. இனக்கலப்புத் திருமணத்தைத் தடுத்த 1924ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிச்சுப் போட்டு, யாரை நீ மணக்க முடியாதோ அவர்கள் பெரும்பான்மையாக உள்ள தெருவில் குடியிருக்க முடியாது என்று 1929இல் ஒரு விதி செய்தது. 1930இல் அதுவும் வீழ்ந்தது. நிறத்தின் பெயரால் நேரடியாகக் கோடு போடும் காலம் முடிந்தது. ஏக்கரின் காலம் தொடங்கியது.

1950களில் வாஷிங்டனுக்குப் பக்கத்திலுள்ள ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி தன் மேற்குப் பகுதியில் வீட்டு மனை குறைந்தது 2 ஏக்கர் இருக்க வேண்டும் என்று விதித்தது. வருமானம் குறைந்தவர்கள் அங்கே குடியேற முடியாமல் செய்வதே இதன் விளைவு என்று கண்ட வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 1959இல் அதை ரத்துசெய்தது. நல்லது. ஆனால் அதே கவுண்டி பின்னாளில், பெரிய குடியிருப்புத் திட்டங்களில் 15 சதவீத வீடுகள் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று விதித்தபோது, 1973இல் அதே நீதிமன்றம் அதையும் ரத்துசெய்தது. சமூக-பொருளாதார நோக்கத்துக்கு ஸோனிங்கைப் பயன்படுத்தும் அதிகாரம் ஊருக்கு இல்லையாம்! மாநிலம் வெளிப்படையாகக் கொடுக்காத அதிகாரம் எதுவும் உள்ளாட்சிக்குக் கிடையாது என்பது வர்ஜீனியாவின் கொள்கை. 1912இல் இனப்பிரிப்புக்கு அந்த அதிகாரத்தை மாநிலம் வெளிப்படையாகவே கொடுத்தது. சேர்த்துக்கொள்வதற்கு அதைக் கொடுக்க 1980களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சொற்களும் சாட்சி சொல்கின்றன. புதிய விதி வரும் முன்பே கட்டப்பட்டு, இப்போது விதிக்குப் பொருந்தாத கட்டடம் அப்படியே தொடரலாம். இதை அமெரிக்க அலுவலகங்களில் ‘தாத்தா விதி’ என்கிறார்கள். தாத்தாவுக்கு வாக்கு இருந்திருந்தால் பேரனுக்கும் உண்டு என்று சொல்லி, அடிமைகளின் பேரன்களைத் தென்மாநிலங்கள் வெளியே தள்ளிய விதியின் பெயர் அது. இன்று ஒரு கார் ஷெட்டைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல் யாருக்கும் உறுத்துவதில்லை.

5

அப்படியானால் அனுமதியே வேண்டாமா? சந்தையை அவிழ்த்துவிட்டால் நியாயம் வந்துவிடுமா? இல்லை. கிரயப் பத்திரத்தில் நிற ஷரத்து எழுதியது சந்தைதான். ரசாயனக் கிடங்கு வீட்டு வாசலில் வராமல் தடுக்கவும், சுவர் இடிந்து யாரும் சாகாமல் இருக்கவும் விதி வேண்டும். பொதுவிசாரணை என்பதும் அற்ப விஷயமல்ல. இதற்கும் ஆஷ்லண்டே உதாரணம். சுமார் ஏழாயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊருக்குள் வால்மார்ட் பெருங்கடை வர அனுமதி கேட்டபோது, மக்கள் விசாரணைக்கு விசாரணை எழுந்து நின்று ஓராண்டு எதிர்த்தார்கள். மைக்கா பெலெட் இதை ‘ஸ்டோர் வார்ஸ்’ என்று 2001இல் ஆவணப்படமாக்கினார். விதர்பா பருத்தி விவசாயிகளைப் பற்றி ‘பிட்டர் ஸீட்ஸ்’ படத்தைப் பிற்பாடு எடுத்தவரும் அவர்தான். கடைசியில் ஊர்மன்றம் அனுமதி கொடுத்துவிட்டது. இருந்தாலும் ஒரு பகாசுரக் கம்பெனி, ஊர்க்காரர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிவந்தது. அந்த இடத்தை நாம் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் அதே அறையில், அதே மைக்கில், இன்னொரு நாள் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மனு வரும். வண்டி நெரிசல், சாக்கடை, பள்ளிக்கூடத்தில் இடமில்லை, ஊரின் ‘குணம்’ கெட்டுவிடும் என்று பேசுவார்கள். எதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. யாரும் நிறத்தைப் பற்றி வாய்திறக்க மாட்டார்கள். 1968இல் குடியிருப்புப் பாகுபாடு சட்டவிரோதமானது. 1977இல் இல்லினாய் மாநில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், ஸோனிங்கின் விளைவு ஒரு இனத்தை அதிகம் பாதிக்கிறது என்று காட்டினால் மட்டும் அரசியல் சாசன மீறல் ஆகாது, நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும் என்றது. நோக்கத்தை எழுதிவைக்காத பிரதியில் நோக்கத்தை எங்கே போய்த் தேடுவது? ஆகவே பிரதியின் மௌனத்தையும், அந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு இருப்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

விசாரணைக்கான அறிவிப்பு பக்கத்து மனைகளுக்குப் போகிறது. ஏற்கனவே இருப்பவர்களுக்கு முகவரி உண்டு. அந்த வீடு கட்டப்பட்டால் அதில் வந்து குடியேறப் போகிறவருக்கு இந்த ஊரில் இன்னும் முகவரி இல்லை. அதனால் அவருக்குக் கடிதமும் இல்லை, மைக்கும் இல்லை. 1911இல் அவர் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டார். இன்று அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் இல்லாமலே அவரைப் பற்றிய விசாரணை முடிந்து, தீர்ப்பு அடிக்கணக்கில் எழுதப்படுகிறது.