மடத்துச் சுவர் தாண்டிய அழைப்பு

சமையல், சம்பளம், பிள்ளை வளர்ப்பு, கடை வியாபாரம் என்று ஓடும் வாழ்க்கைக்குள்ளேயே ஒருவர் புனிதராகலாம், ஆக வேண்டும் என்று இன்று எந்தப் பங்குச் சாமியாரும் ஞாயிறு பிரசங்கத்தில் சொல்வார். கேட்பவர்களுக்கும் அது புதிதாகத் தோன்றாது. ஆனால் இந்தச் செய்தி அவர்கள் காதுக்கு வந்து சேர்ந்த பாதை சுலபமானதல்ல. துணி வியாபாரிகள், பிரதி எடுத்துப் பிழைத்தவர்கள், பீரங்கிக் குண்டு பட்ட ஒரு வீரர், ஒயின் வாங்கப் படகேறிய ஒரு சமையல்காரர், போரில் பிடிபட்ட ஒரு டச்சுத் தளபதி என்று எதிர்பாராத கைகள் வழியாகவே அது வந்திருக்கிறது.

புறப்பட்ட இடம் துறைமுகங்களும் பட்டறைகளும்தான். கூடாரம் செய்து பிழைத்த பவுல், கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதும்போது, புனிதராக அழைக்கப்பட்டவர்கள் என்றே அவர்களை விளிக்கிறார். அவர்களில் படித்தவர்களும் பெரிய குலத்தவரும் அதிகம் இல்லை என்று அவரே சொல்கிறார். அதே கடிதத்தில், அவர்கள் கட்சி கட்டிக்கொண்டு நின்றதையும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டதையும் கண்டிக்கிறார். சண்டை போடுகிற, கோர்ட்டுக்குப் போகிற ஆட்களைத்தான் அவர் அப்படி அழைத்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

நான்காம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 313-ல் ரோமப் பேரரசு கிறிஸ்தவத்துக்குச் சுதந்திரம் கொடுத்தது. துன்புறுத்தல் நின்றதும், கடினமான வாழ்க்கையைத் தேடியவர்கள் எகிப்தின் பாலைவனத்துக்குக் கூட்டமாகப் போனார்கள். அவர்களுக்கு முன்னோடி, அதற்கு முன்பே அங்கே போயிருந்த வனத்து அந்தோணியார். அதுமுதல் புனிதத்துக்கென்று ஒரு விலாசம் உண்டாகிவிட்டது: ஊருக்கு வெளியே, மணலுக்கு நடுவே. ஆனால் பாலைவனத் துறவிகள் தங்களுக்குள் சொல்லி வைத்த கதைகளே இந்த விலாசத்தோடு முரண்படுகின்றன. அந்தோணியாருக்கு இணையான ஒருவர் நகரத்தில் இருப்பதாக அவருக்கு வெளிப்படுத்தப்பட்டதாம். யார் அவர்? ஒரு மருத்துவர். தனக்கு மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, நாள்தோறும் இறைவனைப் புகழ்ந்து வாழ்ந்தவர். தங்களைத் தாழ்த்தும் இந்தக் கதையைத் துறவிகளே பாதுகாத்து வைத்தார்கள் என்பதுதான் அதன் மதிப்பு.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் ஆசீர்வாதப்பர் துறவிகளுக்காக ஒழுங்குமுறை எழுதினார். அதில் பண்டகசாலைப் பொறுப்பாளருக்கு ஒரு கட்டளை உண்டு: மடத்துப் பாத்திரம் பண்டங்களையெல்லாம் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலவே மதித்துக் கையாள வேண்டும். மண்வெட்டிக்கும் பானைக்கும் இந்த மரியாதை என்றால், அது மடத்துக்குள்ளேயே நிற்குமா? சுவருக்கு வெளியே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பார்த்தவர்கள் நகல் எடுத்தார்கள். துறவிகள் 150 திருப்பாடல்களையும் முறைவைத்துப் பாடுவார்கள். எழுத்தறியாத மக்களால் அது முடியாது. அதனால் 150 முறை பரலோக மந்திரத்தைச் சொல்லும் வழக்கம் வந்தது. பிற்பாடு அந்த இடத்துக்கு மங்கள வார்த்தை ஜெபம் வந்து, இன்றைய செபமாலையாக விரிந்தது. எண்ணிக்கை தவறாமலிருக்கக் கல், முடிச்சு, மணிச்சரம். பதினோராம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சீமாட்டி கொடைவா, தான் எண்ணிச் செபித்த ரத்தினச் சரத்தைக் கவென்ட்ரி மடத்துக்கு விட்டுப்போனதாகப் பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். 1268 வாக்கில் பாரிஸ் நகரத் தொழில்களைப் பட்டியலிட்டபோது, செபமணி செய்பவர்களுக்கே தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. எலும்பிலும் கொம்பிலும் செய்பவர்கள் ஒரு பக்கம், பவளத்திலும் சிப்பியிலும் செய்பவர்கள் இன்னொரு பக்கம், அம்பர் மணிக்காரர்கள் வேறு. பக்தி சந்தைக்கு வந்துவிட்டதே என்று வருந்துவதற்கு இதில் ஒன்றும் இல்லை. மடத்துச் செபம் மீன்காரியின் இடுப்பு வரைக்கும் வந்தது அந்த வியாபாரிகளால்தான்.

வியாபாரிகளில் ஒருவர் பீடத்திலேயே ஏறினார். வட இத்தாலியின் கிரெமோனா நகரத்துத் துணி வியாபாரி ஹோமோபோனோ, திருமணமானவர், 1197 நவம்பர் 13-ல் திருப்பலியின்போதே இறந்தார். பதினான்கே மாதத்தில், 1199 ஜனவரியில், திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். அரசரல்ல, ஆயரல்ல, துறவியுமல்ல. நியாயமாக வியாபாரம் செய்து ஏழைகளுக்குக் கொடுத்தவர். அவருக்குப் பின் இந்தக் கதவு பல நூற்றாண்டுகள் அபூர்வமாகத்தான் திறந்தது.

அடுத்த திருப்பமும் ஒரு துணி வியாபாரியின் வீட்டில் நடந்தது. நெதர்லாந்தின் டெவென்டர் நகரத்து வியாபாரியின் மகன் கீர்ட் குரோட், 1384-ல் கொள்ளைநோயில் இறப்பதற்குள் ஓர் இயக்கத்தைத் தொடங்கிவைத்திருந்தார். அவர் வழிவந்த சகோதரர்கள் துறவற வாக்குறுதி எதுவும் கொடுக்காமல் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். பிச்சை எடுப்பதில்லை, புத்தகங்களைப் பிரதி எடுத்துக் கூலி வாங்கினார்கள். அவர்களிடம் படித்து வளர்ந்து பிறகு மடத்தில் சேர்ந்தவர் தோமாஸ் கெம்பிஸ். முழு விவிலியத்தையும் நான்கு முறை கையால் எழுதியவர். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’ இளந்துறவிகளுக்கான லத்தீன் நூல். பெயர் போடாமலே உலவியதால், எழுதியவர் யார் என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதம் நடந்தது. துறவிக்கென்று எழுதிய அந்த நூலைக் குடும்பஸ்தர்கள் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்கள். நரேந்திரர் என்ற வங்காள இளைஞரும் அதை விரும்பிப் படித்தார். விவேகானந்தர் என்று நாம் அறிந்த அவர், 1889-ல் அதன் சில அத்தியாயங்களை வங்காளியில் பெயர்த்தார். பரிவிராஜகராக நாடு சுற்றியபோது கீதையோடு அதையும் சுமந்து நடந்தார்.

1521 மே மாதம் பாம்பலோனா கோட்டையில் ஒரு பீரங்கிக் குண்டு பாஸ்க் வீரர் ஒருவரின் காலை நொறுக்கியது. லொயோலாவில் வீட்டுக் கட்டிலில் கிடந்த இஞ்ஞாசியார், பொழுது போக வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இல்லை. அண்ணி எடுத்துக்கொடுத்தவை இரண்டே: கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறு ஒன்று, ‘புனிதர் மலர்கள்’ என்ற பொருளில் பெயர்கொண்ட அடியார் சரிதை ஒன்று. வேறு கதி இல்லாமல் படித்தார். எல்லாவற்றிலும் கடவுளைக் காணும் வழியைத் தேடிய இயேசு சபை அந்தக் கட்டிலிலிருந்துதான் பிறந்தது. அவருடைய முதல் தோழர்களில் ஒருவரான சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பின்னால் வந்த அண்டிரிக் அடிகளார், தமிழைக் கற்று, பரதவ மக்களுக்காக அதே தலைப்பில், அதே வகைப் புத்தகத்தைத் தமிழில் எழுதினார். 1586-ல் அச்சான ‘பிளோஸ் சாங்தோரும் என்ற அடியார் வரலாறு’ தமிழின் மிகப் பழைய அச்சு நூல்களில் ஒன்று. லொயோலாவில் ஒரு வீரரை மாற்றிய கதைகள், அறுபத்தைந்து ஆண்டுகளில், கடலில் முத்துக் குளிப்பவர்களின் மொழியில் அச்செழுத்தாகிவிட்டன.

இதற்கிடையே ஜெர்மனியில் லூத்தர் மறுபக்கமிருந்து சுவரை இடித்துக்கொண்டிருந்தார். 1520-ல் அவர் எழுதியவற்றின் சாரம்: திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் குருவே, செருப்புத் தைப்பவர் செய்வதும் இறைப்பணியே. கத்தோலிக்கத் தரப்பில் அதற்கு நிகரான துணிச்சலைக் காட்டியவர் பிரான்சிஸ் சலேசியார் என்றுதான் சொல்வேன். ஜெனீவாவின் ஆயராக இருந்தும் அந்த நகரத்துக்குள் அமர முடியாமல் அன்னெசியிலிருந்து பணியாற்றியவர் அவர். உறவுமுறையான சார்மோசி அம்மையாருக்கு, குடும்பத்திலும் அரசவைப் பழக்கத்திலும் இருந்துகொண்டே பக்தியாக வாழ்வது எப்படி என்று கடிதக் குறிப்புகள் எழுதிக்கொடுத்தார். அம்மையார் அவற்றை ஓர் இயேசு சபைக் குருவிடம் காட்டினார். அவரோ, இதை அச்சிட்டே ஆக வேண்டும் என்று நெருக்கினார். 1609-ல் வெளிவந்த ‘பக்தி வாழ்வுக்கு அறிமுகம்’ அப்படி உருவானது. போர்வீரர் முகாமிலிருந்தும் கைவினைஞர் பட்டறையிலிருந்தும் திருமணமானவர் வீட்டிலிருந்தும் பக்தியை விரட்டுவது பெரும் பிழை என்று அதில் அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். டான் பாஸ்கோ பள்ளிகளை நடத்தும் சலேசியர்கள் தாங்கி நிற்பது இவர் பெயரைத்தான்.

அதே நூற்றாண்டில், முப்பதாண்டுப் போரில் காலில் காயம் பட்ட நிக்கோலா ஹெர்மன் என்ற லொரேன் நாட்டு வீரர், பாரிஸ் கார்மேல் மடத்தில் லாரன்ஸ் சகோதரராகச் சேர்ந்தார். குருவல்ல, வேலைகளுக்கான சகோதரர். பல ஆண்டுகள் அடுப்படி, பிறகு மிதியடி தைக்கும் வேலை. ஒருமுறை மடத்துக்காக ஒயின் வாங்கப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். ஊனக்காலோடு படகில் நடக்க முடியாமல், பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு நகர்ந்தாராம். சட்டி பானைகளுக்கு நடுவிலும் நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதி தமக்கு இருக்கிறது என்பதே அவர் பேச்சின் சாரம். அவர் புத்தகம் எதுவும் எழுதவில்லை. 1691-ல் அவர் இறந்த பிறகு, உரையாடிய குரு ஒருவர் நினைவிலிருந்ததையும் கிடைத்த கடிதங்களையும் தொகுத்தார். சீக்கிரமே பிரான்சில் அத்தகைய ஆன்மிகத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. சிற்றேடு அங்கே மங்க, எல்லை தாண்டிப் புரொட்டஸ்டண்டுகள் கையில் பிழைத்துக்கொண்டது. கத்தோலிக்க மடத்துச் சமையல்காரரை இங்கிலாந்தில் தம் மக்களுக்குச் சுருக்கி அச்சிட்டுக் கொடுத்தவர் ஜான் வெஸ்லி.

வெஸ்லி கெம்பிஸையும் இளமையிலேயே படித்தவர். இவர் இவ்வளவு கடுமையாக இருக்கிறாரே என்று முதலில் தாயாருக்குக் குறைப்பட்டு எழுதினார். 1735-ல் தாமே ஒரு பதிப்பு வெளியிட்டார். ஆனால் அவருடைய மெதடிஸ்ட் இயக்கத்தின் உயிர்நாடி ஒரு கடன் பாக்கியிலிருந்து வந்தது. 1742-ல் பிரிஸ்டலில் கூடம் கட்டிய கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வசூலிப்பது என்று முடிவானது. வீடு வீடாகப் போனவர்கள், யார் குடிக்கிறார், யார் மனைவியை அடிக்கிறார், யார் துக்கத்தில் இருக்கிறார் என்பதையெல்லாம் கண்டார்கள். பென்னி வசூல், ஒருவரையொருவர் விசாரித்துத் திருத்தித் தேற்றும் வாராந்தரக் கூட்டமாக மாறியது. சுரங்கத் தொழிலாளரின் புனிதம் அந்தக் கூட்டங்களில் வளர்ந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1741-ல், குளச்சல் போரில் திருவிதாங்கூர் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தார். அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்டர் குடும்பக் கஷ்டங்களால் துவண்டபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார் அவர். மடத்துக்குப் போகவில்லை, மனைவியோடும் வேலையோடும் இருந்தார். சாதி வேற்றுமை பாராமல் எல்லோரோடும் பழகினார். சித்திரவதைகளுக்குப் பின் 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த நூற்றாண்டில், பிரான்சின் நார்மண்டியில் ஒரு ஜோடி. கடிகாரக் கடைக்காரர் லூயி மார்ட்டின் மடத்தில் சேரப் போனார். லத்தீன் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். செலி கெரின் கன்னியராகப் போனார், அவரையும் ஏற்கவில்லை. செலி பின்னல்சரிகைத் தொழில் நடத்தினார். இருவரும் 1858-ல் மணந்தார்கள். கடைசிப் பெண் சிறுமலர் தெரேசம்மாள் 1897-ல், 24 வயதில், லிசியே கார்மேல் மடத்தில் காசநோயால் இறந்தார். மற்ற மடங்களுக்கு வழக்கமாக அனுப்பும் இரங்கல் மடலுக்குப் பதிலாக, அவருடைய குறிப்புகளைப் புத்தகமாக 2,000 பிரதி அச்சிட்டார்கள். சின்னச் சின்னக் காரியத்தைப் பெரிய அன்போடு செய்வதே வழி என்ற அந்தப் புத்தகம் உலகைச் சுற்றியது. மடத்தைவிட்டு வெளியே போகாத பெண்ணை 1927-ல் சவேரியாரோடு சேர்த்து மறைப்பணிகளின் பாதுகாவலர் ஆக்கினார்கள்.

இவ்வளவு பேர் தள்ளிய பிறகுதான் 1964 நவம்பர் 21-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கதவை முழுதாகத் திறந்தது. திருச்சபையைப் பற்றிய அதன் ஆவணத்தின் ஐந்தாம் அத்தியாயம், புனிதத்துக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என்கிறது. துறவிகளைப் பற்றிய பகுதியும் இதுவும் வரைவில் ஒன்றாகவே இருந்தன. நீண்ட விவாதத்துக்குப் பின் இரண்டாகப் பிரித்து, எல்லோருக்குமான அழைப்பை முன்னே வைத்தார்கள். துறவிகள் அடுத்த அத்தியாயத்துக்குப் போனார்கள்.

ஆனால் புனிதர் பட்டியல் இன்னும் அந்த அத்தியாய வரிசைக்கு ஈடுகொடுக்கவில்லை. காரணம் எளிது. ஒரு துறவி இறந்தால் அவர் கடிதத்தைக் காப்பாற்ற, சாட்சிகளைத் திரட்ட, ஐம்பது ஆண்டு விடாமல் அலைய ஒரு சபை இருக்கிறது. கடைக்காரருக்கு யார் இருக்கிறார்? செலியின் கடிதங்கள் இருநூறுக்கு மேல் தப்பியதற்கு, வளர்ந்து ஆளான அவருடைய ஐந்து பெண்களும் கன்னியரானதும் ஒரு காரணம். அவரும் லூயியும் 2015-ல், ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்ற முதல் தம்பதியானார்கள். தேவசகாயத்துக்கு 270 ஆண்டுகள் ஆயின. 2022 மே 15-ல் இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, சாதிப் பெயரை விட்டுவிட்டு வெறும் தேவசகாயம் என்றே அழைத்தார்கள். சரியாகச் செய்தார்கள்.

2025 செப்டம்பர் 7-ல் பட்டம் பெற்ற இருவருமே பொதுநிலையினர். கணினியும் இணையமும் தெரிந்த கார்லோ அக்குதிஸ் 2006-ல் பதினைந்து வயதில் இறந்தவர். இன்னொருவர் தூரின் நகரத்து மாணவர் பியர் ஜார்ஜோ ஃபிரசாத்தி, பத்திரிகை அதிபரின் மகன், மலையேறுவதில் பிரியமுள்ளவர். 1925-ல் போலியோவால் 24 வயதில் இறந்தார். பரீட்சையில் பின்தங்கும் பிள்ளையாகவே வீட்டில் அவரை அறிந்திருந்தார்கள். சவ அடக்கத்தன்று தூரின் நகரத்து ஏழைகள் ஆயிரக்கணக்கில் தெருவில் திரண்டபோதுதான், அவர் யார் யார் வீட்டுக்கு மருந்தும் உணவும் சுமந்து போயிருந்தார் என்பது பெற்றோருக்குத் தெரிந்தது. அவரைப் புனிதராக்க வேண்டும் என்று பேராயரிடம் முதலில் கேட்டவர்களும் அந்த ஏழைகளே.