‘மட்டும்’ என்ற ஒரு சொல்

மார்ட்டின் லூதர் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது பள்ளி வரலாற்றுப் பாடம்தான். 1517 அக்டோபர் 31, விட்டன்பர்க் நகரம், 95 கருத்துரைகள், பாவமன்னிப்புச் சீட்டு. தேர்வுக்கு இது போதும். ஆனால் அந்த 95 கருத்துரைகளில் ஒன்றில்கூட "மனிதன் விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறான்" என்ற கோட்பாடு நேரடியாகச் சொல்லப்படவில்லை! மேற்கு ஐரோப்பியத் திருச்சபையைப் பிளந்ததோ அந்தக் கோட்பாடுதான். அப்படியானால் அது எங்கே பிறந்தது?

பயத்தில் பிறந்த கேள்வி

லூதர் 1483-ல் ஜெர்மனியின் ஐஸ்லேபன் ஊரில் பிறந்தவர். தந்தை ஹன்ஸ் செம்பு உருக்கும் தொழில் செய்தவர். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அவர் கனவு. 1505 ஜூலையில் எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் வழியில், இடி மின்னலில் சிக்கிய சட்ட மாணவர் லூதர், உயிர் பிழைத்தால் துறவியாவதாகப் புனித அன்னாளிடம் நேர்ந்துகொண்டார். இரண்டே வாரத்தில் அகஸ்டீனிய மடத்தில் சேர்ந்தும் விட்டார்.

மடத்தில் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. உபவாசம், இரவு ஜெபம், மணிக்கணக்கில் பாவ அறிக்கை... எல்லாம் செய்த பிறகும் "இது போதுமா?" என்ற கேள்வி விடவில்லை. ஒரு பாவத்தை மறந்துவிட்டால்? மனம் வருந்தியது உண்மையான வருத்தம்தானா? கடவுளின் நீதி என்றாலே பாவியைத் தண்டிக்கும் நீதி என்றுதான் அவர் எண்ணியிருந்தார். அந்தச் சொல்லையே வெறுத்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

1512-ல் டாக்டர் பட்டம் பெற்று விட்டன்பர்க்கில் வேதாகமம் கற்பித்தார். 1515-16-ல் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் பாடமாக நடத்தினார். அந்த நிருபத்தின் முதல் அதிகாரத்தில் ‘தேவநீதி’ என்று வருவது, கடவுள் மனிதனிடம் கேட்கும் நீதி அல்ல, கடவுள் மனிதனுக்குக் கொடுக்கும் நீதி என்று அவருக்குப் புரிந்தது. இந்தத் தெளிவு வந்த ஆண்டு எது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைத்தவைதான்.

யாருடைய வரவு?

இந்தக் கோட்பாட்டைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் புத்தகம் போதும். ரோமர் நான்காம் அதிகாரத்தில் ஆபிரகாமைப் பற்றிச் சொல்லும்போது பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல், கணக்கில் வரவு வைப்பதற்கும் வழங்கிய சொல். மனிதனின் கணக்கில் பற்று மட்டுமே இருக்கிறது. கிறிஸ்துவின் நீதி அவன் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. அவன் செய்ய வேண்டியது அதை நம்பி ஏற்பது மட்டுமே. அந்த நீதி அவன் சம்பாதித்ததல்ல, வெளியிலிருந்து வந்தது என்பது லூதரின் வாதம்.

அக்காலத் திருச்சபையின் போதனை வேறு. கடவுளின் கிருபை திருவருட்சாதனங்கள் வழியாக மனிதனுக்குள் ஊற்றப்படுகிறது. அதோடு ஒத்துழைத்து அவன் படிப்படியாக நீதிமானாக மாறுகிறான். நீதிமானாக ‘அறிவிக்கப்படுகிறானா’, ‘ஆக்கப்படுகிறானா’? சண்டையின் மையம் இதுதான்.

பாவமன்னிப்புச் சீட்டு இங்கேதான் வந்து மோதியது. புனிதர்களின் மிகுதியான புண்ணியம் திருச்சபையின் கருவூலத்தில் இருக்கிறது, அதிலிருந்து பிறருக்கு வழங்கலாம் என்பது அதன் அடிப்படை. 1514-ல் மைன்ஸ் பேராயரான ஆல்பிரெக்ட், பதவிக்காக ரோமுக்குக் கட்ட வேண்டிய தொகையை ஆக்ஸ்பர்க் நகர வங்கியாளர் யாக்கோப் ஃபுக்கரிடம் கடனாக வாங்கினார். சீட்டு வசூலில் பாதி அந்தக் கடனுக்கு, பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட என்பது ஏற்பாடு. அரசர்களுக்கு 25 பொன் குல்டன் என்று தொடங்கி அந்தஸ்துக்குத் தக்கபடி கட்டணம் இறங்கியது. பணமில்லாத ஏழைகள் ஜெபமும் உபவாசமும் செய்தால் போதும் என்றும் விதி இருந்தது.

ஒரு சொல், ஒரு சிக்கல்

1522 செப்டம்பரில் லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளியானது. ரோமர் 3:28-ல் மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லை அவர் சேர்த்திருந்தார். எதிர்ப்பு கிளம்பியது. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கும்போது ஜெர்மன் மொழி இயல்பாகவே அந்தச் சொல்லைக் கேட்கிறது என்று 1530-ல் பதில் எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூலத்தில் ‘விசுவாசத்தினால் மட்டும்’ என்ற தொடர் வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கே அது மறுக்கப்படுகிறது! அந்த நிருபத்தை லூதர் வைக்கோலுக்கு ஒப்பிட்டதில் ஆச்சரியமில்லை.

அப்படியென்றால் நற்செயல் வேண்டாமா? வேண்டும் என்றுதான் லூதரும் சொன்னார். கனி மரத்தை நல்லதாக்குவதில்லை, நல்ல மரம்தான் நல்ல கனி தரும் என்பது அவர் விளக்கம். அதேபோல, கத்தோலிக்கத் திருச்சபை ‘செயலால் மட்டும் மீட்பு’ என்று போதித்தது என்பதும் தவறு. 1547 ஜனவரி 13-ல் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணையின் முதல் விதியே, கிருபை இல்லாமல் சொந்தச் செயலால் நீதிமானாகலாம் என்பவர்களைத்தான் கண்டிக்கிறது. ஒன்பதாவது விதி, வேறெந்த ஒத்துழைப்பும் தேவையில்லை என்ற பொருளில் ‘விசுவாசம் மட்டும்’ என்பவர்களைக் கண்டித்தது.

கைக்கெட்டிய சமாதானம்

திரெந்துக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சண்டை தீர்ந்திருக்கலாம். 1541-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஏற்பாட்டில் ரேகன்ஸ்பர்க் நகரில் இரு தரப்பிலிருந்தும் மும்மூன்று பேர் அமர்ந்து பேசினார்கள். மெலாங்க்தன், பூட்சர் ஒரு பக்கம். எக், குரோப்பர் மறுபக்கம். போப்பின் தூதராகக் கர்தினால் கொந்தாரினி. நீதிமானாக்கப்படுதல் பற்றி மே மாதம் உடன்பாடே எழுதிவிட்டார்கள்! ஆனால் நற்கருணையிலும் திருச்சபையின் அதிகாரத்திலும் பேச்சு முறிந்தது. எழுதிய உடன்பாட்டையும் ரோம் ஏற்கவில்லை. லூதரோ அதை ஒட்டுப்போட்ட துணி என்று ஒதுக்கினார். அடுத்த நூறு ஆண்டுகளில் மதத்தின் பெயரால் ஐரோப்பா கண்ட போர்களை எண்ணினால், இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும்.

மீண்டும் ஓர் உடன்பாடு வர 458 ஆண்டுகள் ஆயின. 1999 அக்டோபர் 31-ல் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதில் விளக்கியுள்ள போதனைக்கு 16-ஆம் நூற்றாண்டுக் கண்டனங்கள் பொருந்தா என இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எல்லோரும் இதை வரவேற்கவில்லை. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட இறையியல் பேராசிரியர்கள் 1998-லேயே எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். ஆனாலும் 2006-ல் மெதடிஸ்டுகளும் 2017-ல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அந்த அறிக்கையில் இணைந்தன.

கையெழுத்து நடந்த இடம் ஆக்ஸ்பர்க் நகரின் புனித அன்னாள் ஆலயம். 1518-ல் போப்பின் பிரதிநிதி முன் விசாரணைக்கு வந்த லூதர் தங்கியது அந்த ஆலயத்தைச் சேர்ந்த மடத்தில்தான். பேராயருக்குக் கடன் கொடுத்த யாக்கோப் ஃபுக்கர் அடக்கமாகியிருப்பதும் அங்கேதான். கடன் கொடுத்தவர் கணக்குக்குச் சீட்டுப் பணம் போனது. "இது போதுமா?" என்று எர்ஃபர்ட் மடத்தில் ஓர் இளம் துறவி கேட்ட கேள்விக்கு, கடவுளின் கிருபையே முதல் என்று இரு தரப்பும் ஒரே தாளில் எழுத ஐந்து நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.